ஒரே செடியில் எடுத்த ஐந்து பூச்சிகள்

பருத்தியில் மாவுப்பூச்சி பெருகிய வருஷங்களில் நான் ஒரு பூச்சியியல் ஆய்வகத்தில் ஸ்லைடு போட்டுக்கொண்டிருந்தேன். பூச்சியைக் காரக் கரைசலில் இட்டுச் சூடாக்கி, மெழுகும் உள்ளிருப்பதும் கரைந்து வெறும் தோல் மிஞ்சியதும், சாயம் ஏற்றிக் கனடா பால்சம் என்ற பிசினில் பதிப்போம். அந்தத் தோலில் உள்ள துளைகளையும் முட்களையும் எண்ணித்தான் இனத்தின் பெயரைச் சொல்ல வேண்டும்.

எங்கள் அறையில் இரண்டு மூத்தவர்கள். ஒருவர் இதை ஃபெனாகாக்கஸ் சொலானி என்றார். மற்றவர் ஃபெனாகாக்கஸ் சொலெனோப்சிஸ் என்றார். போதாததற்குப் பாகிஸ்தானிலிருந்து 'காசிப்பிஃபிலஸ்' என்று ஒரு புதுப்பெயரும் வந்து சேர்ந்தது. எண்ணும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரே செடியில் எடுத்த ஐந்து பூச்சிகளில் துளைக்கணக்கு ஐந்து விதமாக வந்தது. "ஒழுங்கா எண்ணும்மா" என்றார் முதலாமவர். மறுபடி எண்ணினேன். அதே கணக்குதான்.

இரண்டாமவர் என்னை வயலுக்குக் கூட்டிப்போனார். உயிருள்ள பூச்சியின் முதுகில், வெள்ளை மாவுக்கு நடுவே, கரும்புள்ளிகள் ஜோடி ஜோடியாகத் தெரிந்தன. நான் காரத்தில் போட்டு அழித்துக்கொண்டிருந்தது அதைத்தான்! அன்றிலிருந்து குப்பியில் பூச்சியைப் போடும் முன்பே அதன் நிறத்தைச் சீட்டில் எழுதிவிடுவேன்.

2008இல் பூச்சியியலாளர் ஹாட்ஜ்சனும் பாகிஸ்தான் ஆய்வாளர்களும் இது சொலெனோப்சிஸ்தான், துளைக்கணக்கு ஒரே இனத்துக்குள்ளேயே மாறும் என்று எழுதினார்கள். 1898இல் டின்ஸ்லி நியூ மெக்சிகோவில், சொலெனோப்சிஸ் எறும்பின் புற்றில் கிடைத்த பூச்சிக்கு வைத்த பெயர் அது. அதற்காக முதலாமவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஸ்லைடு பார்க்காமல் பெயர் சொல்லக் கூடாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். சொலானியின் கதையும் பிறகு மாறியது. ஃபெரிஸ் 1918இல் வெவ்வேறு இனமாக விவரித்த சொலானியும் டிஃபெக்டஸும் ஒன்றுதான், வளரும் சூழல்தான் உருவத்தை மாற்றுகிறது என்று 2016இல் முடிவானது.

அப்புறம் இந்தப் பூச்சியை அழிக்கும் குளவி. இந்தியாவில் 2009இல் அதற்கு ஏனேசியஸ் பம்பாவாலே என்று பெயர் வைத்தார்கள். 2014இல் அது ஏற்கெனவே விவரிக்கப்பட்ட அரிசோனென்சிஸ்தான் என்று தெரிந்தது. நம் ஊர்ப் பெயர் போய்விட்டதே என்று அறையில் சிலர் வருந்தினார்கள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அரிசோனாவும் நியூ மெக்சிகோவும் அடுத்தடுத்த மாநிலங்கள். இரையும் எதிரியும் ஒரே மண்ணுக்கு உரியவை என்பதைச் சரியான பெயர்கள்தான் காட்டிக்கொடுத்தன. பெயர் தவறினால் தேடும் இடமும் தவறிவிடும். கென்யாவில் காப்பி மாவுப்பூச்சியை வேறு இனமாக நினைத்து, அதன் எதிரியை ஆசியாவில் தேடினார்கள். லெ பெல்லி 1935இல் அந்த மாவுப்பூச்சியைத் தனி இனமாக விவரித்த பிறகு, பலன் தந்த குளவி பக்கத்திலிருந்த உகாண்டாவில் கிடைத்தது.

எங்கள் பழைய ஸ்லைடுகளில் 'சொலானி' என்ற சீட்டு இன்னும் இருக்கிறது. அதைக் கிழிக்கவில்லை. பக்கத்தில் புதுச் சீட்டு ஒட்டி, பெயரையும் தேதியையும் எழுதினேன். கீழே, 'முதுகில் கரும்புள்ளி இருந்தது' என்றும்.