சி டிரைவ் சிவந்தபோது

"ரீச்சர், இது பழசு. புதுசு ஒண்டு எடுங்கோ." கிளிநொச்சியில் லப்டொப்பைக் காட்டிய முதல் கடையில் சொன்னது இதுதான். 2016 இல் வாங்கியது, 4 ஜிபி றாம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கலாம். ஆனால் ஆசிரியர் சம்பளத்தில் புது லப்டொப் என்பது நினைத்தவுடன் நடக்கிற காரியமில்லை. தவணைப் பரீட்சை வினாத்தாள்களோ கழுத்துக்கு வந்துவிட்டன. இருப்பதையே ஓட வைக்கலாமா என்று பார்த்தேன். ஓடுகிறது. எப்படி என்று கேட்ட சக ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எனது லப்டொப்புக்கு இரண்டு வருத்தங்கள் இருந்தன. ஒன்று இடமில்லாதது: விண்டோஸ் இருக்கிற சி டிரைவ் நிரம்பி, அதன் கோடு சிவப்பாகியிருந்தது. மற்றது வேகமில்லாதது. இரண்டையும் ஒரே வருத்தமாக எண்ணித்தான் பலர் கையில் அகப்பட்டதை எல்லாம் அழிக்கிறார்கள்.

முதலில் இடம். செற்றிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ் என்று போனால் எது எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று விண்டோஸே காட்டும். இதைப் பார்க்காமல் எதையும் அழிக்கக் கூடாது. என்னுடையதில் பெரும் பங்கு ஆவணங்கள் போல்டருக்குள் இருந்தது. வேர்ட் பைல்கள் இவ்வளவு வராதே என்று திறந்து பார்த்தால், கொரோனாக் காலத்தில் சூமில் எடுத்த பாடங்களின் வீடியோக்கள். கணினியில் பதிவு செய்தால் சூம் அவற்றை அங்கேதான் போட்டு வைக்கும். மின்னியல் பாடத்தைப் பிள்ளைகள் இன்னும் கேட்பதால் அதை வைத்துக்கொண்டேன், மற்றவை போயின. ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யும் வரை அந்த இடம் திரும்பக் கிடைக்காது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அதே பக்கத்தில் தற்காலிகப் பைல்கள் என்று ஒரு பட்டியல் வரும். பழைய அப்டேட்டுகளின் மிச்சம் போன்றவற்றைத் துணிந்து தட்டிவிடலாம். ஆனால் அந்தப் பட்டியலுக்குள்ளேயே டவுன்லோட்ஸ் போல்டரும் ஒரு பெட்டியாக நிற்கிறது. எல்லாவற்றுக்கும் சரி போட்டு ஒரே மூச்சில் அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். வட்ஸ்அப் வெப்பில் இறக்கும் படங்கள் போய் விழுவது அந்தப் போல்டரில்தான். திறந்திருப்பதை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுக் கணினியை நிறுத்தும் ஹைபர்னேட் வசதியை அணைத்தால் ஒன்றரை ஜிபி அளவு மிஞ்சும் என்று ஒருவர் சொன்னார். நான் அணைக்கவில்லை. நினைத்த நேரத்தில் கரண்ட் போகிற ஊரில், பற்றரி முடியும் தறுவாயில் திறந்திருக்கிற வேலையைக் காப்பாற்றித் தருவது அதுதான்.

அதிக நேரம் எடுத்தது படங்கள். 2009 இல் முள்ளிவாய்க்கால் வரை போய் வந்த வீடுகளில் அல்பம் இருக்காது. எங்கள் வீட்டிலும் இல்லை. இப்போது எங்களிடம் உள்ள பழைய படங்கள், அந்தக் காலத்தில் நாங்கள் கனடாவுக்கும் சுவிஸுக்கும் கடிதத்தோடு வைத்து அனுப்பியவை. அங்குள்ள சொந்தங்கள் அவற்றைப் போனில் படம் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். அம்மாவின் கலியாணப் படம் ஒன்றே பல பேரிடமிருந்து, பல அளவுகளில் வந்திருந்தது. ஒரே மாதிரியான பைல்களைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் பல இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அச்சு அசலாக ஒரே பைலாக இருப்பவற்றையே பிடிக்கும். வட்ஸ்அப் வழக்கமாக அனுப்பும்போது படத்தைச் சுருக்கிவிடும், அதனால் ஒவ்வொரு கைமாறலிலும் அது வேறு பைலாகிவிடுகிறது. மனுசக் கண்தான் வேண்டும். படங்களைப் பெரிதாகக் காட்டவைத்து, அளவு கூடியதை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்தேன். சின்னதாக மட்டுமே இருந்தவற்றுக்கு, "சித்தி, இதை டொக்கியுமென்டாக அனுப்புங்கோ" என்று திரும்பக் கேட்டேன். அப்படி அனுப்பினால் சுருங்காமல் வரும். இதனால் எனக்குப் பெரிதாக இடம் மிஞ்சவில்லை, செய்ததில் உருப்படியான வேலை என்னவோ இதுதான்.

சிவப்புக் கோடு நீலமானது. அப்டேட்டுகளும் இறங்கத் தொடங்கின. வேகம் மட்டும் வரவில்லை. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மனேஜரைத் திறந்தால் புரசசர் சும்மா இருக்க, டிஸ்க் நூறு வீதத்தில் நின்றது. கணினியோடு சேர்ந்து தானாகத் தொடங்குபவற்றின் ஸ்டார்ட்டப் பட்டியலில் தேவையில்லாதவற்றை நிறுத்தினேன். கொஞ்சம் வித்தியாசம், அவ்வளவுதான்.

என்னிடம் முன்பு படித்த தம்பி ஒருவன் இப்போது கணினி திருத்துகிறான். அவன் டிஸ்க்கின் நிலையைச் சொல்லும் கிறிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச மென்பொருளை ஓட்டினான். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வந்தது. "ரீச்சர், வேற ஒண்டும் செய்ய முதல் படங்களைக் கொப்பி பண்ணுங்கோ, டிஸ்க் போகப் போகுது." டி டிரைவில் பத்திரமாக இருக்கிறது என்று நிம்மதிப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சியும் டியும் பெரும்பாலும் ஒரே டிஸ்க்கைப் பிரித்து வைத்த இரண்டு அறைகள், டிஸ்க் செத்தால் இரண்டும் போகும். படங்களை ஒரு பென் டிரைவிலும், கூகுள் தரும் 15 ஜிபி இலவச இடத்திலும் போட்ட பிறகுதான் கழற்றவே விட்டேன்.

ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதே இரண்டரை இன்ச் இடத்தில் 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டான். பழையதில் சுற்றும் தட்டின் மேல் ஊசி ஓடி ஓடித் தேட வேண்டும், இதில் சுற்றுகிற பாகமே கிடையாது. விண்டோஸ், பைல்கள் எல்லாம் அப்படியே புதியதுக்குப் பிரதி செய்யப்பட்டன, எனது பாமினி எழுத்துரு உட்பட. திறந்த கையோடு காற்றாடியையும் துப்புரவாக்கினான். கிரவல் ரோட்டுத் தூசி அதற்குள் படையாக இருந்தது. சூடு ஏறினால் புரசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளுமாம். முன்பு சுவிட்சைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்து முடிக்கலாம். இப்போது அடுப்படிக்குப் போகவே நேரமில்லை.

விண்டோஸ் 11 இந்தப் புரசசருக்கு முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. நீடித்த பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிந்திருக்கிறேன், அது 2026 ஒக்டோபர் வரை. றாமை 8 ஜிபி ஆக்கச் சொல்கிறான் தம்பி. அதற்கு இன்னும் கையில் காசு வரவில்லை, குரோமில் நிறைய டாப் திறந்தால் இப்போதும் மூச்சு வாங்குகிறது.