அம்மாவின் புது வால்வு

கண்டியில் அம்மாவுக்கு இதயத்தில் இரத்தம் பின்னால் திரும்பாமல் தடுக்கும் கதவான மைட்ரல் வால்வு மாற்றி இன்றோடு 21 நாள். சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சல்தான் பழையதைக் கெடுத்திருக்கிறது. ஒபரேஷனுக்கு முன்னால் பல்லைக் காட்டி வரச் சொன்னார்கள். சொத்தைப் பல்லின் கிருமி இரத்தத்தில் கலந்து புது வால்வில் போய் ஒட்டிக்கொள்ளுமாம். இரண்டு பல் பிடுங்கினோம்.

இப்போது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக்கு வந்தாச்சு. ஒபரேஷனில் வெட்டிய நெஞ்செலும்பு ஒன்றுசேர 6 முதல் 8 வாரம் ஆகும், அதுவரை தண்ணிக் குடத்தைத் தொடக்கூடாது. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொண்டுதான் இருமுகிறார். இயந்திர வால்வு என்பதால் இரத்தம் கட்டாமலிருக்க வார்பரின் மாத்திரை ஆயுள் முழுக்க. கீரை அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்குமாம்; ஆனாலும் கீரையை நிறுத்த வேண்டாம், அளவு மட்டும் மாறக்கூடாது. கொழுந்துக் கூடை சுமந்தே பழகிய அம்மாவுக்குச் சும்மா உட்காரத் தெரியவில்லை, பாவம்.

ராத்திரி லயம் அடங்கியதும் பக்கத்தில் படுத்தால் அம்மாவின் நெஞ்சுக்குள் டிக் டிக் என்று கேட்கிறது. அதைக் கேட்டுக்கொண்டேதான் தூங்குகிறேன்.