கண்ணாடியை நாலு விரல் மேலே விட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் கார் சாவியை எடுத்தால் அப்பா "பெட்ரோலுக்கா?" என்று கேட்பார். கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, ரெட்டிச்சாவடி தாண்டி, முள்ளோடையில் புதுச்சேரி எல்லைக்குள் நுழைந்துவிட்டால் பெட்ரோல் விலை குறைவு, எங்கள் ஊரில் வண்டி வைத்திருக்கும் பாதிப் பேர் அங்கே போய்த்தான் டேங்க்கை நிரப்புவார்கள். நான் "ஆமாம்பா" என்பேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு முன்சீட்டில் வந்து உட்கார்ந்துவிடுவார். எங்கே போகிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

திரும்பி வரும் வழியில் இடது பக்கம், ஒரு வேப்பமரத்தடியில் தகரக் கூரை போட்ட இட்லிக் கடை. போர்டு கிடையாது. ஒரு அண்ணனும் அவர் மனைவியும் நடத்துகிறார்கள், காலை ஆறரையிலிருந்து பத்து மணி வரைதான். உள்ளே ரெண்டு பெஞ்சு. அப்பாவுக்கு எழுபத்தாறு வயது, முழங்கால் ரெண்டும் போய்விட்டது, காரிலிருந்து இறங்கி ஏறுவதற்குள் முகம் வெளுத்துவிடும். முதல் தடவை நான் மட்டும் இறங்கிப் பார்சல் கேட்டேன். அந்த அண்ணன் காரை எட்டிப் பார்த்துவிட்டு, "பார்சல் எதுக்கு சார், சூடு போயிடும். பெரியவர் அங்கயே உக்காரட்டும், நான் கொண்டாரேன்" என்றார். தட்டில் வாழை இலையை வைத்து நாலு இட்லி, பக்கத்திலே கத்தரிக்காய் கொத்சு, கார் சன்னல் வழியாக அப்பா கையில் கொடுத்தார்.

அப்பா சாப்பிடவில்லை. முதலில் கார் கண்ணாடியை முழுக்க இறக்கி, அப்புறம் மெதுவாக ஏற்றி, நாலு விரல் அளவு மேலே வந்ததும் நிறுத்தினார். "தட்டு மாட்டணும்னா இவ்ளோ விடணும்" என்றார். எனக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது.

அப்பா மஞ்சக்குப்பத்தில் வாடகைக் கார் ஓட்டியவர். முதலாளியின் வெள்ளை அம்பாசடர். கல்யாணம், ஆஸ்பத்திரி, பட்டுப்புடவை எடுக்க காஞ்சிபுரம், விமானம் ஏற்றிவிட மீனம்பாக்கம் என்று முப்பது வருஷம் ஊர் ஊராக ஓட்டினார். வழியில் ஓட்டலில் நிறுத்தினால் பார்ட்டி உள்ளே போகும், அப்பா வண்டியோடு நிற்பார். அவர்கள் சாப்பிட்டு வெளியே வந்த பிறகு கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்து மேசையில் அவசரமாக ரெண்டு இட்லி, ஒரு டீ. யாரும் மரியாதைக் குறைவாக நடத்தினார்கள் என்று சொல்ல மாட்டேன், டிரைவர் அப்புறம்தான் சாப்பிடுவார் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் இயல்பாக இருந்தது, அப்பாவுக்கும்தான்.

1987-ல் எனக்கு ஒன்பது வயது, பெரிய விடுமுறை. பாட்டியம்மாவுக்குக் கண் காட்ட மெட்ராஸ் போகிற ஒரு குடும்பம், வண்டியில் இடம் இருக்கிறது பையனையும் கூட்டிட்டு வாங்க என்று சொல்லிவிட்டது. ஆஸ்பத்திரி வேலை முடிந்து மாலையில் கதீட்ரல் சாலையில் ஒரு வாசலுக்குள் வண்டியை விடச் சொன்னார்கள். அதுதான் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். எங்கே பார்த்தாலும் மரம், மரத்தடியில் கார்கள். பாட்டியம்மா இறங்க வேண்டியதில்லை என்பதால்தான் அங்கே போனார்கள் என்று நினைக்கிறேன். சர்வர் வந்தார், கண்ணாடியை எவ்வளவு இறக்க வேண்டும் என்று காட்டினார், தட்டைக் கொண்டுவந்து சன்னலில் மாட்டினார். பின்சீட்டில் அவர்கள், முன்சீட்டில் நாங்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோசை வந்தது. அப்பாவின் சன்னலிலும் ஒரு தட்டு. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில், சூடான காபியை டபராவில் ஆற்றி, அவசரமே இல்லாமல் அப்பா குடித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பின்சீட்டிலிருந்து அந்தப் பாட்டியம்மா, "சட்னி போதுமா டிரைவர், இன்னும் சொல்லட்டா?" என்று கேட்டது இன்னமும் காதில் இருக்கிறது.

அந்த இடத்தை 1962-ல் ஆரம்பித்தவர் கே. கிருஷ்ணராவ், உடுப்பிப் பக்கத்திலிருந்து மெட்ராஸுக்கு வந்து உட்லண்ட்ஸ் ஓட்டல்களைக் கட்டி எழுப்பியவர். காருக்கே சாப்பாடு கொண்டுபோகிற யோசனை அமெரிக்காவில் பிறந்தது. 1921-ல் டெக்சாஸ் மாநிலத்தின் டல்லஸில் பிக் ஸ்டாண்ட் என்ற கடை சாலையோரத்தில் பன்றி இறைச்சி சாண்ட்விச் விற்றது, கார் நிற்பதற்கு முன்பே பையன்கள் ஓடிவந்து பக்கவாட்டுப் படியில் தொற்றிக்கொண்டு ஆர்டர் எடுப்பார்களாம். அவர்கள் ஊரில் அவர்களுக்குப் பிடித்த இறைச்சி, கிருஷ்ணராவ் கையில் அது தோசையும் காபியுமாக மாறியது. எனக்கு இதில் பிடித்தது இதுதான், சன்னலில் மாட்டுகிற தட்டு எந்த ஊருக்கும் போகும், ஆனால் தட்டில் இருப்பது அந்தந்த ஊர்ச் சாப்பாடாக இருக்க வேண்டும்.

உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 2008-ல் மூடப்பட்டது. அரசு நிலம், நீதிமன்றம் வரை போய் முடிந்த கதை. 2010-ல் அங்கே செம்மொழிப் பூங்கா திறந்தார்கள். பூங்கா நன்றாகத்தான் இருக்கிறது, குறையில்லை. அப்பாவை ஒரு முறை கூட்டிக்கொண்டு போனேன், பழைய மரம் ஒன்றின் அடியில் நின்று "இங்கதான்டா" என்றார். அந்த மரம்தானா என்று எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

சரி, கொத்சுக்கு வருகிறேன். சிதம்பரம் நாற்பது கிலோமீட்டர் தெற்கே இருப்பதால் எங்கள் பக்கத்து வீடுகளில் எல்லாம் இது உண்டு. நடராஜர் கோயிலில் மிளகு சீரகம் போட்ட சம்பா சாதத்தோடு சேரும், எங்களுக்கு இட்லியோடு. தனியா, காய்ந்த மிளகாய், கடலைப்பருப்பை வறுத்துப் பொடிக்க வேண்டும். சின்ன வெங்காயத்தையும் கத்தரிக்காயையும் நல்லெண்ணெயில் வதக்கி, புளித் தண்ணீரில் வேகவிட்டு, மசித்து, கடைசியில் அந்தப் பொடியைத் தூவி இறக்குவார்கள். பொடியை முதலிலேயே போட்டால் வாசனை போய்விடும் என்பது அந்தக் கடை அண்ணியின் கண்டிப்பு. அங்கே இலையில் கொத்சு விழுந்ததும் ஓரத்தில் ஒரு எண்ணெய் வளையம் பிரியும். அந்த எண்ணெயில் இட்லியைத் தொட்டு முதல் வாய் எடுத்தால், அவ்வளவுதான், சாம்பார் எதற்கு என்று தோன்றும்.

கோடையில் இன்னொன்று உண்டு, பச்சை முந்திரிக் குழம்பு. காயாத முந்திரிக் கொட்டையைக் கத்தியால் பிளந்து பருப்பைக் குச்சியால் நெம்பி எடுப்பார்கள், அதன் பால் பட்டால் தோல் வெந்துவிடும், உரிக்கிற பெண்களின் விரல் நுனி கறுத்துப்போயிருக்கும். அந்தப் பருப்பு வாயில் போட்டால் நுங்குக்கும் தேங்காய்க்கும் நடுவில் ஒரு பதம். பண்ருட்டிப் பக்கத்து ஆட்களுக்கு இதைவிடப் பெரிய விருந்து கிடையாது. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு விழுந்தன. அதற்குப் பிறகு நாலைந்து கோடைகள் எங்கள் வீட்டில் அந்தக் குழம்பு வைக்கவில்லை. மறுபடியும் அதன் வாசனையை நான் பிடித்தது இந்த வேப்பமரத்தடியில்தான். அண்ணியின் அம்மா ஊர் பண்ருட்டிக்குப் பக்கம், ஏப்ரலில் ரெண்டு மூன்று ஞாயிறு மட்டும் செய்வார்.

போன வருஷம் நாலுவழிச் சாலையில் ஒரு பெரிய ஏசி ஓட்டலில் நிறுத்தினேன். வாசலில் எட்டுப் படி, கைப்பிடி இல்லை. அப்பாவுக்கு ஒரு காபி காருக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டேன். பார்சல் வேணா வாங்கிக்கங்க சார், வெளியில கப் தர மாட்டோம் என்றார்கள். காகிதக் கப்பில் மூடி போட்டு வாங்கிப் போனேன். அப்பா வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "வண்டி எடு" என்றார். அந்தக் காபியை அவர் குடிக்கவே இல்லை. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை, இருபது அடி தூரம் ஒரு டபராவைத் தூக்கிக்கொண்டு வருவதில் என்ன குறைந்துவிடும்?

அந்த வாரமே மஞ்சக்குப்பத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லி ஒரு தட்டு செய்தேன். தகரத் தட்டு, மூன்று பக்கம் விளிம்பு, ஒரு பக்கம் ரெண்டு கொக்கி, கண்ணாடியைக் கீறாமல் இருக்கக் கொக்கியில் பழைய சைக்கிள் டியூப் சுற்றியது. அளவெல்லாம் அப்பா சொன்னதுதான். வீட்டுக்கும் கடைக்கும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்று அண்ணன் கடையிலேயே வைத்துவிட்டோம்.

போன ஞாயிறு நாங்கள் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழற்றிக் கொடுத்த நேரம், ஒரு டிராவல்ஸ் கார் வந்து நின்றது. திருநள்ளாறு போகிற குடும்பம் போல. எல்லோரும் இறங்கிப் பெஞ்சுகளில் உட்கார்ந்துவிட்டார்கள், இடம் நிரம்பிவிட்டது. டிரைவர் பையன், இருபத்தைந்து வயது இருக்கும், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் நாலு இட்லியும் கொத்சும் வைத்துத் தட்டை எடுத்துக்கொண்டு நேராக அவனிடம் போனார். பையன் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, தட்டை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் முழித்தான்.

அப்பா எங்கள் காரிலிருந்து தலையை நீட்டினார். "தம்பி, கண்ணாடிய நாலு விரல் மேல ஏத்து. ஆங், போதும். இப்ப மாட்டு."