பிசாசுக்கு எதற்கு இத்தனை சுற்றுவழி?

சென்ற வாரம் ஓர் அமானுஷ்யத் திகில் படம் பார்த்தேன். எடுத்தவர்களைச் சங்கடப்படுத்துவானேன் என்று பெயரைத் தவிர்க்கிறேன். அதன் வில்லன் பல நூற்றாண்டுகளாக அலைந்துகொண்டிருக்கும் ஒரு பிசாசு. பூட்டிய அறைக்குள் புகும், உறங்குபவரின் கனவுக்குள் பேசும், நினைத்த மாத்திரத்தில் ஒருவரின் இதயத்தை நிறுத்தும். இவ்வளவும் முடிந்த அந்தப் பிசாசு, ஒவ்வொரு கொலைக்குப் பிறகும் குளியலறைக் கண்ணாடியில் ஓர் எழுத்தைக் கிறுக்கிவிட்டுப் போகிறது. ஏழு கொலைகள், ஏழு எழுத்துகள். துப்பறியும் நாயகன் அவற்றை வரிசைப்படுத்திப் படிக்கும்போது, பிசாசை அழிக்கக்கூடிய ஒரே இடத்தின் பெயர் கிடைக்கிறது. தன் சாவுக்குத் தானே வழி எழுதி வைத்தது ஏன் என்று படத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

உடன் பார்த்த நண்பரிடம் கேட்டேன். “பிசாசுக்குப் போய் லாஜிக் பார்க்கிறாயே” என்றார். இந்தப் பதிலை நான் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தீமை செய்வதே அதன் இயல்பு என்று சொல்லி முடித்துவிடலாம்தான். வெள்ளம் ஏன் ஊருக்குள் வந்தது என்று யாரும் அதன் நோக்கத்தை ஆராய்வதில்லை. ஆனால் வெள்ளம் பொய் சொல்வதில்லை, பேரம் பேசுவதில்லை, ஒருவனை மட்டும் தேர்ந்தெடுத்து இருபது வருடம் காத்திருப்பதில்லை. திட்டம் போடும் பிசாசு ஒன்றை எழுதிவிட்டால், அந்தத் திட்டம் எதற்காக என்பதற்கும் எழுதியவர்தான் பொறுப்பு.

பழையனூர் நீலியின் கதையை இந்தக் கோணத்தில் படித்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். முற்பிறவியில் தன்னைக் கொன்ற கணவன், மறுபிறவியில் வணிகனாக வருகிறான்; அவனைப் பழிவாங்க நீலி காத்திருக்கிறாள். ஏன் இவன் என்ற கேள்விக்கு இங்கேயே விடை கிடைத்துவிடுகிறது. பேயாக இருந்தும் அவளால் அவனை உடனே கொல்ல முடியவில்லை, அவன் கையில் காவலாக ஒரு கத்தி இருக்கிறது. இந்த ஒரு தடையிலிருந்துதான் அவளுடைய மற்ற செயல்கள் எல்லாம் பிறக்கின்றன. கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கணவன் கைவிட்டுவிட்டான் என்று வேளாளர் எழுபது பேர் முன்னால் அழுகிறாள். இன்றும் நாம் சொல்லும் நீலிக்கண்ணீர் அங்கே வடித்ததுதான். அவனுக்குக் கேடு வந்தால் தங்கள் உயிரைத் தருவதாக அவர்கள் வாக்களிக்க, கத்தி கைமாறுகிறது, அன்றிரவே அவன் சாகிறான். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். தானே பிடுங்க முடியாத கத்தியை, சொல் தவறாத மனிதர்களின் கையாலேயே பிடுங்க வைத்தாள் என்பதால் அந்த நாடகத்தில் ஒரு காட்சிகூட வீண் இல்லை.

நான் எந்தத் திகில் கதையிலும் முதலில் தேடுவது இந்தத் தடையைத்தான். பிசாசால் எது முடியாது என்று தெரிந்தால்தான், அதற்கு எது வேண்டும் என்பதை நம்ப முடிகிறது.

பழி என்ற நோக்கம் மனிதர்களுக்கு எளிதில் புரியும். புரியாத நோக்கம் கொண்ட பிசாசையும் நம்பும்படி எழுதலாம் என்பதற்கு ‘தி எக்ஸார்சிஸ்ட்’ நல்ல உதாரணம். வில்லியம் பீட்டர் பிளாட்டியின் நாவல் 1971இல் வந்தது, படம் 1973இல். ஒரு சிறுமியின் உடலில் புகுந்துகொண்டு இவ்வளவு பெரிய சக்தி எதைச் சாதிக்கப் போகிறது என்ற சந்தேகம் எவருக்கும் எழும். மாடிப்படியில் அமர்ந்து பேசும்போது, மூத்த பாதிரியார் மெரின் இளையவரான காரஸிடம் இதற்கு விளக்கம் தருகிறார்: குறி அந்தச் சிறுமி அல்ல, சுற்றி நின்று பார்க்கும் நாம்தான்; நம்மை நாமே விலங்குகளாகக் கருதி, கடவுளின் அன்புக்கு அருகதையற்றவர்கள் என்று மனம் உடைய வேண்டும் என்பதே அதன் நோக்கம். இதைக் கேட்ட பிறகு அந்த அசிங்கங்கள், ஏளனங்கள், காரஸின் இறந்துபோன தாயை இழுத்துப் பேசும் கொடூரம் என எல்லாமே ஒரே வேலையின் பகுதிகளாகத் தெரிகின்றன. சிறுமியை ஒரே இரவில் கொன்றுவிட்டால் வேடிக்கை பார்க்க யார் இருப்பார்கள்? 1973இல் திரையிட்டபோது இந்த விளக்கம் படத்தில் இல்லை. 2000ஆம் ஆண்டு வெளியான நீண்ட வடிவத்தில்தான் அது சேர்க்கப்பட்டது. அது இல்லாத வடிவமே அச்சமூட்டுவது என்பவர்கள் உண்டு. எனக்கு அந்த நான்கு வரிகள் வேண்டும்.

நான்கு வரிகள் போதும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இடைவேளைக்குப் பிறகு இருபது நிமிட ஃபிளாஷ்பேக் போட்டு, பிசாசின் சிறுவயது ஏமாற்றங்களையெல்லாம் காட்டினால், கடைசியில் மிஞ்சுவது கொம்பு வைத்த ஒரு மனக்குறைக்காரர்தான்.

மறுநாள் நண்பர் தொலைபேசியில் அழைத்து, தன் பங்குக்கு ஒரு விளக்கம் சொன்னார்: அந்தப் பிசாசுக்கு வாழ்ந்து சலித்திருக்கலாம், தன்னைக் கொல்லத் தகுந்த ஒருவனை அதுவே தேடியிருக்கலாம். அப்படியானால் ஏழு எழுத்துகளும் பொருந்துகின்றன, காத்திருப்பும் பொருந்துகிறது என்பதால் எனக்கு ஒரு கணம் படத்தின் மீதே மரியாதை வந்துவிட்டது. உடனே கிளைமாக்ஸை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். நாயகன் மந்திரத்தைச் சொல்லத் தொடங்கியதும் அது அலறுகிறது, ஒரு நாற்காலியைத் தூக்கி வீசுகிறது, பிறகு திறந்திருக்கும் கதவை நோக்கி ஓடுகிறது.