சுண்ணாம்பு உருளை: ஏழாவது வாரம்

கரியமில வாயுவைப் பிடித்துப் பாறைக்குள் பூட்டும் வேலையைக் கையில் எடுத்துப் பார்க்கும்படி ஒரு சிற்பமாகச் செய்ய வேண்டும் என்பது ஆசை. ஐஸ்லாந்தின் கார்ப்ஃபிக்ஸ் திட்டத்தில் வாயுவைத் தண்ணீரில் கரைத்துப் பசால்ட் என்னும் எரிமலைப் பாறைக்குள் இறக்கினார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் 95 சதவீதத்துக்கு மேல் கல்லாகிவிட்டது என்று 2016இல் ஆய்வு வெளியானது. துளையிட்டு எடுத்த பாறை உருளையின் கறுப்புத் துளைகளில் வெள்ளைக் கால்சைட் (சுண்ணாம்புக்கல்லின் கனிமம்) அடைத்திருக்கும். அந்தக் கறுப்பு வெள்ளைதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

முதலில் சோடா பாட்டிலுக்குள் பசால்ட் சில்லுகளைப் போட்டு மூடி வைத்தேன். மூன்று வாரம் ஆகியும் ஒன்றுமில்லை. அமிலத் தண்ணீர் பாறையிலிருந்து கால்சியத்தைக் கரைக்க வேண்டும், அமிலம் அடங்கிய பிறகுதான் படிகம் விழும். என் பாட்டிலில் அமிலம் அடங்கவே இல்லை.

அப்புறம் தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய் வைத்து ஊதினேன் (கண்ணாடி போட்டுக்கொண்டு, தவறிக்கூட உறிஞ்சக் கூடாது). பால் போல வெளுத்தது, அது சுண்ணாம்புக்கல்லின் நுண்ணிய தூள். உற்சாகத்தில் ஊதிக்கொண்டே இருந்தேன், மறுபடி தெளிந்துவிட்டது! வாயு அதிகமானால் உண்டான கல்லே பைகார்பனேட்டாகக் கரைந்துவிடும். ஒரு லிட்டர் சுண்ணாம்பு நீர் பிடிப்பது ஏறக்குறைய 1 கிராம் வாயுதான். ஒன்றிரண்டு நிமிட மூச்சு, அவ்வளவே.

சரி, நீற்றுச் சுண்ணாம்பும் மணலும் குழைத்து உருளைகளாக வார்த்தேன். காற்றிலுள்ள வாயுவை இழுத்து எடை கூடும் என்று தினமும் தராசில் வைத்தால், 412 கிராம் முதல் வாரத்திலேயே 371 ஆனது. ஈரம் போகிற கணக்கை நான் யோசிக்கவே இல்லை. முழுக்கக் காய்ந்தாலும் வேலை நின்றுவிடும் என்பதால் இப்போது நாளுக்கு ஒருமுறை தண்ணீர் தெளிக்கிறேன். தராசை எடுத்து வைத்துவிட்டேன்.

நேற்று ஓர் உருளையை உடைத்து, உடைந்த பரப்பில் பினாப்தலீன் (காரம் பட்டால் சிவக்கும் நிறங்காட்டி) சொட்டினேன். நடுவில் பளீரென்ற இளஞ்சிவப்பு, அது இன்னும் காரமாக இருக்கும் சுண்ணாம்பு. ஓரத்தில் 4 மில்லிமீட்டர் வெள்ளை வளையம், அதுதான் கல்லானது. ஏழு வாரத்தில் நான் செய்த எதையும்விட அழகாக இருந்தது.

ஆனால் ஒரு நெருடல். சூளையில் சுண்ணாம்புக்கல் சுட்டு 56 கிராம் சுண்ணாம்பு எடுத்தால் 44 கிராம் வாயு வெளியே போகிறது. என் உருளை முழுதாகக் கல்லானாலும் அந்தக் கடனைத்தான் அடைக்கிறது, சூளை விறகின் புகை தனி. பசால்ட்டின் கால்சியம் பெரும்பாலும் சிலிகேட்டில் (கரியமில வாயு சேராத கனிமம்) இருப்பது, அதற்கு இந்தப் பழைய கடன் கிடையாது. அதனால் உடைந்த உருளைக்குப் பக்கத்தில் 56, 44 என்று இரண்டு எண்களை மட்டும் பொறித்து வைக்கப் போகிறேன். அடுத்த வார்ப்பில் மணலுக்குப் பதில் பசால்ட் தூள். சல்லடையில் சலித்து வைத்தாயிற்று.