விஏ கடனில் வீடு: கொக்குவிலில் இருந்தபடி வாங்கிய கதை

என் கணவர் அமெரிக்க இராணுவத்தில் இருக்கிறார். முகாம் டெக்சாஸில், கில்லீன் பக்கம். அவரைக் கொரியாவுக்கு அனுப்பிய காலத்தில் அம்மாவின் சத்திரசிகிச்சைக்காக நான் கொக்குவிலுக்கு வந்திருந்தேன். அந்த இடைவெளியில்தான் விஏ கடனில், அதாவது படைவீரருக்கான அமெரிக்க வீட்டுக் கடனில், வீடு வாங்கினோம். அவர் கொரியாவில், நான் யாழ்ப்பாணத்தில், வீடு டெக்சாஸில். இதே நிலையில் இன்னும் சில குடும்பங்கள் இருப்பதால் எழுதுகிறேன்.

முதலில் பெரியப்பாவின் கேள்வி. "அரசாங்கம் கடன் தருதெண்டால் அதை வைச்சு நல்லூரடியிலை ஒரு வீடு வாங்கலாமே பிள்ளை?" வாங்க முடியாது. வீடு அமெரிக்காவிலோ அதன் ஆட்சிப் பகுதிகளிலோ இருக்க வேண்டும், வாங்குபவர் அதில் குடியிருக்கவும் வேண்டும். தவிர, அரசாங்கம் கையில் காசு தருவதில்லை. கடன் தருவது வங்கியோ தனியார் நிறுவனமோதான். படைவீரர் திணைக்களம், அதாவது எல்லோரும் விஏ என்று சொல்வது, அதில் ஒரு பங்குக்குப் பிணை நிற்கிறது, வழக்கமாக நாலில் ஒன்று. 1944இல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டத்தோடு தொடங்கிய ஏற்பாடு. அந்தப் பிணை இருப்பதால் பெரும்பாலும் முற்பணம் கேட்க மாட்டார்கள். சீதனக் காணியில் இரண்டு பரப்பை விற்றுத் தருகிறேன் என்று அம்மா நின்றார். அதற்குத் தேவையே வரவில்லை.

ஆனால் செலவே இல்லை என்று நினைக்க வேண்டாம். முதல் தடவை, முற்பணம் இல்லாமல் வாங்கினால், கடன் தொகையில் 2.15 வீதம் விஏ கட்டணம். 200,000 டொலர் கடனுக்கு 4,300 டொலர். 5 வீதம் முற்பணம் போட்டால் கட்டணம் 1.5 வீதமாகக் குறையும். கட்டணத்தைக் கடனோடு சேர்த்துவிடலாம், நாங்களும் சேர்த்தோம். கையில் சேமிப்பு உள்ளவர்கள் அதை உடனே கட்டுவது நல்லது, இல்லாவிட்டால் 30 வருடம் அதற்கும் வட்டி ஓடும்.

இவர் பக்கத்துக் காகிதங்கள் சுலபம். சேவையில் இருப்பவருக்குத் தொடர்ந்து 90 நாள் சேவை போதும். படைப்பிரிவு கையெழுத்திட்ட சேவைக் கடிதம் ஒன்று, மாதச் சம்பளச் சீட்டுகள். தகுதிச் சான்றிதழைக் கடன் நிறுவனமே இணையத்தில் எடுத்துவிட்டது. இராணுவம் தரும் வீட்டுப்படிக்கு வரி இல்லை, அதையும் வருமானமாகக் கணக்கெடுத்தார்கள்.

சிக்கல் என் பக்கம். கடன் அவர் பெயரில் மட்டும், எனக்கு அப்போது வேலையும் இல்லை. ஆனாலும் டெக்சாஸில் கணவன் மனைவி சேர்த்தது இருவருக்கும் பொது என்ற சட்டம் இருப்பதால், கடன் எடுக்காத மனைவியின் கடன்களையும் விஏ கணக்கில் சேர்ப்பார்கள். என் கார்க் கடன் வந்து நின்றது. இங்கே வங்கியில் அடைவு வைத்த சங்கிலியையும் சொல்லட்டுமா என்று கடன் நிறுவன அதிகாரியிடம் கேட்டேன். நகை அடைவு என்றால் என்ன என்று அவருக்கு விளங்கப்படுத்தவே ஒரு அழைப்பு போனது. அந்த அழைப்புகள் எல்லாம் இரவு எட்டரைக்கு மேல்தான். டெக்சாஸில் காலை பத்து மணி, கொரியாவில் நடுச்சாமம். பாவம் இவர்.

அப்புறம், ஈட்டுப் பத்திரத்தில் என் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமையின்படி அம்மா தன் சீதனக் காணியை விற்க அப்பாவின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், 1911ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. டெக்சாஸில் புருஷன் வாங்கும் வீட்டுக்கு மனைவியின் கையெழுத்து!

அவருக்காகவும் நானே கையெழுத்திட வேண்டியிருந்ததால் அற்றோணித் தத்துவம் தேவைப்பட்டது. முகாமின் சட்ட உதவி அலுவலகம் இலவசமாக எழுதித் தரும். பொதுவான அற்றோணித் தத்துவத்தோடு நிற்காதீர்கள். வீட்டு முகவரி, விலை, கடன் தொகை, விஏ சலுகையைப் பாவிக்கும் சம்மதம், குடியிருக்கும் எண்ணம் எல்லாம் அதில் இருக்கட்டும். முதலில் பேசிய ஒரு நிறுவனம் அற்றோணித் தத்துவமே ஏற்க மாட்டோம் என்றது. விஏ அதைத் தடுக்கவில்லை, அது அந்த நிறுவனத்தின் சொந்த விதி. நாங்கள் வேறு நிறுவனத்துக்கு மாறினோம்.

இந்த வழியில் போனால் இன்னொரு காகிதமும் உண்டு. கடனை முடிக்கும் நேரத்தில் படைவீரர் உயிருடன் இருக்கிறார், காணாமல் போனவராக அறிவிக்கப்படவில்லை என்று கடன் நிறுவனம் உறுதிப்படுத்த வேண்டும். கட்டளை அதிகாரியின் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. பிள்ளைகளின் படத்தைப் பிடித்துக்கொண்டு தாய்மார் வீதியோரம் இருக்கும் ஊரில் அந்த வரியை வாசிப்பது லேசில்லை. அம்மா முழுதாக வாசிக்க விடவில்லை, "மூடு, மூடு" என்று எழும்பிப் போய்விட்டார்.

வீட்டைப் பார்க்க விஏ தன் மதிப்பீட்டாளரை அனுப்பியது. விலை சரியா என்பதோடு, வீடு பாதுகாப்பானதா என்றும் அவர் பார்ப்பார். எங்கள் வீடு 1978க்கு முந்தியது. அந்தக் காலத்துப் பெயின்றில் ஈயம் இருக்கலாம் என்பதால், பின்பக்கச் சுவரில் உரிந்த இடங்களைச் சுரண்டி மறுபடி பூசச் சொன்னார். கறையான் பரிசோதனையும் கேட்டார்கள், அது எங்கள் ஊர்க்காரருக்கு விளக்கத் தேவையில்லாத விஷயம். விற்பவர் முணுமுணுத்தார், ஆனால் செய்து கொடுத்தார். விஏ வாங்குநர் என்றால் வில்லங்கம் என்று சில விற்பனையாளர்கள் ஒதுங்குவது இதனால்தான். எனக்கு அந்த வில்லங்கம் பிடித்திருந்தது. வீட்டை நேரில் பார்க்காத எனக்கு அந்த மதிப்பீட்டாளர்தான் கண். மதிப்பீடு விலையை விடக் குறைந்தால், ஒப்பந்தத்தோடு கட்டிய முன்வைப்புப் பணத்தை இழக்காமல் விலகலாம் என்ற வாசகமும் ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். அதைத் தேடிப் பார்த்துவிட்டே கையெழுத்திடுங்கள்.

கடைசிக் கையெழுத்துகளுக்குக் கொழும்பு போனேன். நம்மூர் நொத்தாரிசு போதாது என்று உரித்துக் காப்புறுதி நிறுவனம், அதாவது வீட்டின் உரித்தில் சிக்கல் வந்தால் காப்பு தரும் நிறுவனம், சொல்லிவிட்டதால், அமெரிக்கத் தூதரகத்தில் நேரம் பதிந்து, இரவு பஸ்ஸில் ஏறினேன். ஒரு முத்திரைக்கு 50 டொலர். எத்தனை பத்திரத்துக்கு முத்திரை தேவை என்று முன்பே கேட்டு வைத்தால் காசு மிஞ்சும். வீட்டிலேயே கையெழுத்திட்டுக்கொண்டு போகக் கூடாது, அதிகாரியின் முன்னால்தான் இட வேண்டும். கடவுச்சீட்டு கட்டாயம். மூலப் பிரதிகளை அன்றே கூரியரில் டெக்சாஸுக்கு அனுப்பினேன்.

வழக்கமாக 60 நாளுக்குள் குடிபுக வேண்டும். கணவர் சேவையில் வெளியே இருந்தால் மனைவி குடியிருப்பதே போதும். அதனால் அம்மாவுக்குத் தையல் பிரித்ததும் எனக்கு விமான ரிக்கற் போட்டோம்.