செல்ஃப் சுத்துது, வண்டி எடுக்கல: பழைய டீசல் பிக்கப்பில் காற்றைத் தேடிப் பிடித்த அனுபவம்

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது புகையைப் பற்றித்தான். செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் புகை வருகிறதா, வந்தால் என்ன நிறம்? பழைய டீசல் வண்டியில் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, ஆனால் எரியவில்லை. ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்குவது), கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்), பம்ப் டைமிங் (பம்ப் டீசலை அனுப்பும் நேரம்) பக்கம் பார்க்க வேண்டும். கறுப்புப் புகை வந்தால் காற்று போதவில்லை, ஏர் ஃபில்டரிலிருந்து தொடங்கலாம். புகையே இல்லையென்றால் டீசல், அதைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசில் வரைக்கும் வந்து சேரவில்லை. எங்கள் பிக்கப்பில் புகை துளிகூட இல்லை.

எங்கள் தோட்டம் கோத்தகிரி பக்கம். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவதுதான் இந்த வண்டிக்கு வேலை. காமன் ரெயில் என்கிற, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் பீய்ச்சும் முறை வருவதற்கு முந்தைய தலைமுறை என்ஜின். கம்ப்யூட்டர் கிடையாது, ஸ்கேனர் மாட்ட இடமும் கிடையாது. நாசில்களுக்கு டீசலைப் பங்கிட்டு அனுப்பும் ஒரு ரோட்டரி பம்ப், நாலு நாசில், நாலு ஹீட்டர் பிளக், லைனில் டீசலை நிரப்ப ஃபில்டர் தலையில் உள்ளங்கையால் அமுக்குகிற ஹேண்ட் பிரைமர், அவ்வளவுதான். ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால் பம்பில் டீசல் வழியைத் திறந்து மூடுகிற ஸ்டாப் சொலினாய்டுக்கு மட்டும் 12 வோல்ட் இருந்தால் போதும். இவ்வளவு எளிமையான என்ஜினில் கோளாறு ஒளிந்துகொள்ள இடம் குறைவு. வரிசையாகப் போனால் வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்பது என் நம்பிக்கை.

கோளாறு வந்த விதத்திலேயே ஒரு ஒழுங்கு இருந்தது. மண்டியில் சமதளத்தில் நிறுத்தி, மூட்டை இறக்கி, கணக்கு முடித்துவிட்டு வந்தால் ஒரே சுற்றில் எடுக்கும். வீட்டுக்கு முன்னால் ஏற்றத்தில் மூக்கை மேலே வைத்து ராத்திரி முழுக்க நிறுத்தினால் விடியற்காலையில் எடுக்காது. பனிக்காலம் என்பதால் வீட்டில் எல்லோரும் குளிரைத்தான் காரணம் சொன்னார்கள். பட்டறையில் காட்டியபோது, “பம்பு லோடு எடுக்கலைங்க, கழட்டி காலிபரேஷனுக்கு அனுப்பிரலாம்” என்றார்கள். பம்ப்பைக் கழற்றினால் டைமிங்கையும் திரும்ப வைக்க வேண்டும். செலவும் பெரிது, அறுவடை நேரத்தில் வண்டியும் முடங்கும். அதனால் நானே பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

முதலில் செல்ஃப் சுற்றும் வேகம். மல்டி மீட்டரைப் பேட்டரியில் வைத்து அப்பாவைச் சாவி போடச் சொன்னேன். செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை, சுற்றும் சத்தமும் ஏறி இறங்கிச் சீராக இருந்தது. இந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பது முக்கியம். ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே இரைச்சலாக, வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அந்த நிலையில் மறுபடி மறுபடி செல்ஃப் அடிப்பது வால்வுக்கும் பிஸ்டனுக்கும் கேடு. எங்கள் வண்டியில் அந்தப் பிரச்சினை இல்லை.

அடுத்தது ஸ்டாப் சொலினாய்டு. சாவியை ஆன் செய்தால் பம்பிலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். வந்தது. அதோடு விட்டுவிடக் கூடாது. பழைய இக்னிஷன் சுவிட்சுகளில் சாவி ஆன் நிலையில் இருக்கும்போது கரண்ட் வரும், ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பினால் அறுந்துபோகும். செல்ஃப் நன்றாகச் சுற்றும், டீசல் மட்டும் பூட்டியே கிடக்கும். டெஸ்ட் லாம்பை சொலினாய்டு முனையில் வைத்து செல்ஃப் அடித்துப் பார்த்தேன். விளக்கு அணையவே இல்லை. மின்சாரம் சரி.

இனி டீசல். 17-ஆம் நம்பர் ஸ்பேனரால் ஒரு நாசில் பைப்பின் நட்டை அரைச் சுற்று தளர்த்திவிட்டு, பழைய துணியைச் சுற்றிவைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொன்னேன். நல்ல நிலையில் இருந்தால் அங்கே டீசல் துடித்துத் துடித்து வரும். இங்கே முதலில் ஒன்றுமே வரவில்லை, பிறகு வெள்ளையாக நுரை வந்தது. ஒரு எச்சரிக்கை: அந்த நட்டின் அருகே வெறும் கையைக் கொண்டுபோகாதீர்கள். இந்த நாசில்கள் திறப்பதற்கே 100 பாருக்கும் மேல், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கும் மேல் அழுத்தம் தேவை. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே தெரிவது ஊசி குத்தியது போன்ற சிறு புள்ளிதான், உள்ளே நடப்பது விரலையே இழக்கவைக்கலாம். அப்படி ஏதாவது ஆனால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நுரை என்றால் காற்று. ஃபில்டர் தலைக்குப் போய் ஹேண்ட் பிரைமரை அமுக்கிப் பார்த்தேன். எதிர்ப்பே இல்லாமல் பொசுக்கென்று உள்ளே போனது. அமுக்கிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, காற்றை வெளியேற்றத் தளர்த்துகிற ஏர் ஸ்க்ரூ வழியாக ‘புஸ் புஸ்’ என்று குமிழி வந்து, பிறகு சுத்தமான டீசல் வழிந்தது. ஸ்க்ரூவை இறுக்கியதும் பிரைமர் உள்ளங்கையைத் தள்ளுகிற அளவுக்கு விறைத்துக்கொண்டது. அதன்பின் சாவி போட்டால், வெள்ளைப் புகை தள்ளி, உடம்பை ஒரு உலுக்கு உலுக்கி, வண்டி எடுத்துக்கொண்டது. ஆக பம்ப் நல்ல பம்ப். ராத்திரி முழுக்க எங்கிருந்தோ காற்று உள்ளே போகிறது, டீசல் டேங்குக்கே திரும்பிவிடுகிறது. அன்று மாலை வண்டியைத் திருப்பி, மூக்கைக் கீழ்ப்பக்கம் வைத்து நிறுத்தினேன். மறுநாள் காலையில் அதே பனி, அதே குளிர். பிரைமரைத் தொடாமலே எடுத்தது. குளிர் காரணமில்லை என்பது அங்கேயே உறுதியானது.

இந்த இடத்தில் நிறையப் பேர் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். “எங்கேயும் ஒழுகலையே, அப்புறம் எப்படி லைன்ல ஓட்டை இருக்கும்?” என்று கேட்பார்கள். ரோட்டரி பம்ப் தனக்கு வேண்டிய டீசலைத் தானே உறிஞ்சி இழுக்கிறது. டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் உள்ள பைப் முழுக்க உறிஞ்சல்தான், தள்ளல் இல்லை. இளநீர் குடிக்கிற ஸ்ட்ராவில் விரிசல் இருந்தால் இளநீர் வெளியே சொட்டாது, வாய்க்குக் காற்றுதான் வரும். இதுவும் அதேதான். வெளியே ஈரம் இல்லை என்பதை வைத்து உறிஞ்சும் பக்கத்துக்கு நற்சான்றிதழ் கொடுக்க முடியாது.

காற்று எங்கே நுழைகிறது என்று பார்க்க, ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் ஹோஸைக் கழற்றிவிட்டு அதே அளவு கண்ணாடி போன்ற டீசல் ட்யூப் ஒரு முழம் மாட்டினேன். என் கருத்தில் இந்தக் கோளாறுக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. என்ஜின் ஓடும்போது ட்யூபுக்குள் குமிழிகள் வரிசையாக நகர்ந்துகொண்டே இருந்தன. கடுகளவுக் குமிழிகள், நடுநடுவே ஒன்றிரண்டு பெரிது. ஓடுகிற என்ஜினை நிறுத்தும் அளவுக்கு அவை போதாது, ராத்திரியில் லைனைக் காலியாக்கப் போதும்.

அடுத்த கேள்வி, காற்று ஃபில்டரிலா, அதற்கு முந்தைய லைனிலா? டேங்கிலிருந்து வரும் பைப்பை ஃபில்டரில் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு ஹோஸைப் போட்டு, மறுமுனையை டீசல் நிரப்பிய கேனுக்குள் விட்டேன். கேனை எங்கே வைக்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். பானட் மேல் உயரத்தில் வைத்தால் டீசல் தானாக இறங்கிவரும், உறிஞ்சல் இருக்காது. ஃபில்டர் சீலில் காற்று எடுத்தாலும் அப்போது குமிழி காட்டாமல் மறைந்துபோகும். அதனால் கேனைத் தரையில் வைத்தேன், பம்ப் இழுத்தே ஆக வேண்டும். மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டன் பைப் டேங்குக்கே போகிறபடி விட்டிருந்ததால் கேன் சீக்கிரம் காலியாகும், கூடவே நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய காற்று வெளியேறியதும் ட்யூப் தெளிந்துவிட்டது. ஒரு குமிழிகூட இல்லை. ஃபில்டர் சரி, பம்ப் சரி. கோளாறு டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில் இருந்தது.

மீதி வேலை வண்டிக்கு அடியில். டேங்க் முனையில் பைப்பைக் கழற்றி, ஃபில்டர் முனையை அடைத்து, சைக்கிள் பம்பால் மெல்லக் காற்றடித்தேன். கம்ப்ரஸர் வேண்டாம், அந்த அழுத்தம் நல்ல இணைப்பையும் பிய்த்துவிடும். சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் பிரஷ்ஷால் தடவிக்கொண்டே வந்தேன். சேஸிஸ் ஓரமாக ஓடும் இரும்புப் பைப் ரப்பர் ஹோஸுடன் சேருகிற இடத்தில், கிளிப்புக்குப் பக்கத்தில் நுரை பொங்கியது. கிளிப்பைத் தளர்த்தி ஹோஸை வளைத்தேன். கிளிப் அழுத்தியிருந்த பட்டை முழுக்க முடியளவு வெடிப்புகள், ரப்பர் விறைத்து உயிரில்லாமல் இருந்தது. இரும்புப் பைப்பின் முனையிலும் துரு பொரிந்திருந்தது. அதை எமரி தாளால் வழவழப்பாகத் தேய்க்காமல் புது ஹோஸ் மாட்டினால் அதுவும் நிற்காது. தேய்த்து, டீசலுக்கென்றே விற்கிற ஹோஸை மாட்டினேன். தண்ணீர்க் குழாய் ஹோஸ் டீசலில் ஊறி உப்பிவிடும். கழற்றிய இடங்களில் செம்பு வாஷர்களையும் புதிதாகப் போட்டேன். ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுபடி சரியாக உட்காராது.

சிலர் இதற்கு லைனில், ஒரு பக்கம் மட்டும் டீசலை விடுகிற நான்-ரிட்டன் வால்வு ஒன்றை வைத்துவிடச் சொல்கிறார்கள். டீசல் கீழே இறங்காது, காலையில் வண்டியும் எடுக்கும், உண்மைதான். ஆனால் ஓட்டை அப்படியே இருக்கும். ரோட்டரி பம்புக்கு டீசல்தான் எண்ணெய், காற்று கலந்து ஓடினால் உள்ளே தேயும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே (காற்று உள்ளே போகும் வழியில் அடிக்கும், சட்டென்று தீப்பிடிக்கும் ஸ்ப்ரே) அடிக்கச் சொன்னவர்களும் உண்டு. ஹீட்டர் பிளக் வைத்த என்ஜினில் அதை அடிக்கவே கூடாது. சிவந்த பிளக்கில் பட்டு நேரம் தவறி வெடித்தால் பிஸ்டனும் ரிங்கும் போய்விடும்.

எடுக்கும்போது வந்த அந்த உலுக்கலுக்கும் வெள்ளைப் புகைக்கும் காரணம் தனி. ஹீட்டர் பிளக்குகளின் மேலே ஓடும் இணைப்புப் பட்டையைக் கழற்றி, பேட்டரி பிளஸ்ஸில் மாட்டிய டெஸ்ட் லாம்பால் ஒவ்வொன்றின் தலையையும் தொட்டேன். மூன்றில் விளக்கு எரிந்தது, ஒன்றில் எரியவில்லை. அதை மட்டும் மாற்றினேன். ஒரு பிளக் போனதால் வண்டி மொத்தமாக எடுக்காமல் நிற்காது, முதல் சில நொடிகள் மூன்று சிலிண்டரில் ஓடும். இரண்டு கோளாறும் ஒன்றாக இருந்ததால்தான் குளிர் மேல் பழி விழுந்தது.

கடைசியாக லைனை நிரப்பினேன். பிரைமர் விறைக்கும்வரை அமுக்கி, ஏர் ஸ்க்ரூவை மூடி, நாசில் நட்டுகளைத் தளர்த்திச் செல்ஃப் அடித்து, டீசல் துடித்து வந்ததும் ஒவ்வொன்றாக இறுக்கினேன். ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் அடிக்காமல், செல்ஃப் மோட்டார் ஆறுவதற்கு இடைவெளி விட்டோம். டெஸ்ட்டுக்கு மாட்டிய ட்யூபை உடனே எடுக்கவில்லை. ஏற்றத்தில் மூக்கை மேலே வைத்தே ராத்திரி நிறுத்தி, காலையில் பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ட்யூப் நிறைய டீசல் அப்படியே நின்றது. அப்பா சாவி போட்டார், உடனே எடுத்தது. அதன்பிறகுதான் ட்யூபைக் கழற்றிவிட்டு அங்கேயும் புது ஹோஸ் போட்டேன். ரிட்டன் லைனில் இருக்கிற ரப்பரும் கிட்டத்தட்ட அதே வயது. கேரட் சீசன் முடிந்ததும் டேங்கை இறக்கி, உள்ளே இருக்கும் சல்லடையைக் கழுவும்போது அதையும் மாற்றிவிடுவதாக இருக்கிறேன்.